பொதுச்சங்கம் கூடிய ஊர்கள் வழியாக

திங்கள், இஸ்தான்புல்

தோப்காபி அரண்மனையின் முதல் முற்றத்தில் நுழைந்ததும் இடதுபுறம் ஒரு பழைய செங்கல் கட்டடம் நிற்கிறது. கூட்டம் முழுவதும் அதைத் தாண்டி சுல்தானின் நகைகளைப் பார்க்க ஓடுகிறது. அதுதான் ஹாகியா ஐரீன். 381 இல் இரண்டாம் பொதுச்சங்கம், அதாவது திருச்சபையின் ஆயர்கள் கூடி விசுவாசத்தை வரையறுக்கும் கூட்டம், இங்கே கூடியது என்பது மரபு. அன்று ஊரின் பெயர் கான்ஸ்டான்டிநோபிள். அந்தக் காலக் கட்டடம் இப்போது இல்லை. அது 532 கலவரத்தில் எரிந்து, ஜஸ்டினியன் மறுபடி கட்டி, அதுவும் 740 நிலநடுக்கத்தில் பாதி விழுந்து, திரும்பவும் எழுப்பப்பட்டது. துருக்கியர் காலத்தில் ஆயுதக் கிடங்கு. மசூதியாக மாறாமல் தப்பித்ததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

உள்ளே ஒன்றுமில்லை. பீடத்துக்குப் பின்னால் அரைவட்டச் சுவரில் தங்கப் பின்னணியில் ஒரு சிலுவை, அதன் கீழே சுவரை ஒட்டிப் படிப்படியாகக் கல் இருக்கைகள். ஆயரும் குருக்களும் உட்காரும் இடம். இஸ்தான்புல்லில் இப்படி மிச்சமிருப்பது இது ஒன்றுதான்.

அந்த இருக்கைகளைப் பார்த்துக்கொண்டே 381 இல் யார் வரவில்லை என்று யோசித்தேன். மேற்கிலிருந்து ஒருவர்கூட இல்லை. உரோமையின் ஆயர் தமாசுஸை அழைக்கவே இல்லை, பிரதிநிதியும் கிடையாது. வந்தவர்கள் சுமார் 150 பேர், எல்லாரும் கிழக்கத்தியர்கள். தலைமை தாங்கிய அந்தியோக்கியா மெலேத்தியுஸ் நடுவிலேயே இறந்துவிட்டார். அடுத்துத் தலைமைக்கு வந்தவர் இந்த ஊரின் ஆயர் நசியான்சு கிரகோரி. தாமதமாக வந்த எகிப்தியரும் மாசிதோனியரும், ‘நீர் ஏற்கெனவே வேறு ஊர் ஆயர், முதல் பொதுச்சங்கமான நிக்கேயாவின் சட்டப்படி இடம் மாறக் கூடாது’ என்று கிளப்ப, மனிதர் வெறுத்துப்போய் ராஜினாமா செய்துவிட்டுப் போய்விட்டார். அவருக்குப் பதில் தேர்ந்தெடுக்கப்பட்ட நெக்தாரியுஸ் அப்போது திருமுழுக்குக்கூடப் பெறாத ஓர் அரசு அதிகாரி. தூய ஆவியார் கடவுள் என்பதை ஏற்காத 36 ஆயர்கள் அதற்கு முன்பே வெளியேறியிருந்தார்கள்.

இப்படிப்பட்ட ஒரு கூட்டத்தின் பெயரில்தான், கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸும் ஆங்கிலிக்கனும் லூத்தரனும் இன்றும் ஞாயிறு வழிபாட்டில் சொல்லுகிற விசுவாசப் பிரமாணம் வழங்குகிறது. உடன் வந்த நண்பர் தென்னிந்தியத் திருச்சபைக்காரர், நான் கத்தோலிக்கன். அவர் சொன்னார்: “எங்க சினாடு எவ்வளவோ பரவாயில்லைங்க.” மறுத்துப் பேச எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

செவ்வாய், இஸ்னிக்

யெனிகாபியில் படகு ஏறி யாலோவா, அங்கிருந்து சிற்றுந்து. ஒலிவத் தோப்புகள் வழியாக ஒரு பெரிய ஏரி கண்ணில் பட ஆரம்பிக்கும், அதன் கிழக்குக் கரையில் மதில் சூழ்ந்த சின்ன ஊர். நிக்கேயா இதுதான். மதிலும் வாசல்களும் நன்றாகவே நிற்கின்றன. ஊர்க்காரர்களுக்கு ஓடுகளும் பீங்கானும்தான் பெருமை, 325 இல் நடந்ததைக் கேட்டுவருவது வெளியாட்கள்தான்.

நேராக ஏரிக்கரைக்குப் போனோம். 2014 இல் வான்வழிப் படங்களில் தண்ணீருக்கடியில் ஒரு பசிலிக்காவின் வடிவம் தெரிந்தது; பூர்சா உலுதா பல்கலைக்கழகத்தின் முஸ்தஃபா ஷாஹின் குழு அதை ஆய்வு செய்தது. நான்காம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், மறைசாட்சியாக இறந்த நியோஃபித்தோஸ் என்ற இளைஞன் நினைவாகக் கட்டப்பட்டிருக்கலாம் என்கிறார்கள். ஹாகியா ஐரீனை உலுக்கிய அதே 740 நிலநடுக்கத்தில் இதுவும் விழுந்ததாம். பொதுச்சங்கம் கூடியது இந்தக் கோவிலில் இல்லை, அது அரண்மனைக் கூடத்தில் நடந்தது என்று அங்கே உட்கார்ந்திருந்த செசரியா ஆயர் யூசேபியுஸே எழுதியிருக்கிறார். ஆனாலும் 2025 நவம்பர் 28 அன்று திருத்தந்தை 14ஆம் லியோவும் கான்ஸ்டான்டிநோபிள் முதுபெரும் தந்தை பர்த்தலோமேயுவும் மற்றச் சபைகளின் தலைவர்களும் 1700ஆம் ஆண்டு நினைவாகச் சேர்ந்து ஜெபித்தது இந்த இடிபாடுகளின் அருகில்தான். ஏரியின் நீர்மட்டம் இறங்கியதில் இன்று கற்சுவர்களின் வடிவம் வெளியே தெரிகிறது, வறட்சி செய்த உபகாரம்.

அன்றைக்கு அவர்கள் சேர்ந்து சொன்ன விசுவாசப் பிரமாணத்தில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது. ஆவியானவர் ‘தந்தையிடமிருந்தும் மகனிடமிருந்தும்’ புறப்படுகிறார் என்று நாங்கள் மேற்கு மரபில் சேர்த்துச் சொல்வோமே, அந்த ‘மகனிடமிருந்தும்’ அன்று இல்லை. 381 பாடத்தில் அது கிடையாது. மேற்கில் மெல்ல மெல்ல நுழைந்தது. ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்த திருத்தந்தை மூன்றாம் லியோ, கருத்து சரிதான் ஆனால் பிரமாணத்தில் கை வைக்காதீர்கள் என்று சொல்லி, அது சேராத பாடத்தை வெள்ளித் தகடுகளில் எழுதிப் புனித பேதுரு கோவிலில் மாட்டிவைத்தார். 1014 வாக்கில் உரோமையிலேயே அது வழிபாட்டுக்குள் வந்துவிட்டது. ஒரு லியோ தகட்டில் எழுதியதை ஆயிரத்து இருநூறு ஆண்டு கழித்து இன்னொரு லியோ வாயால் சொன்னார் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு சொல்லுக்கு இவ்வளவு சண்டையா என்று நண்பர் கேட்டார். இறையியலைவிட, எங்களைக் கேட்காமல் எப்படிச் சேர்த்தீர்கள் என்பதுதான் கிழக்கின் ஆதங்கம் என்று எனக்குப் படுகிறது.

325க்கு வருவோம். கான்ஸ்டன்டைன் அழைத்தார், அரசுச் செலவில் வண்டி, அரசுச் செலவில் சாப்பாடு. மரபு 318 ஆயர்கள் என்கிறது, வரலாற்றாசிரியர்கள் 250க்கும் 300க்கும் நடுவே சொல்கிறார்கள். வந்தவர்களில் சிலர் உடம்பில் துன்புறுத்தலின் தழும்புகள் இருந்தன. எகிப்தின் பாப்நூத்தியுஸுக்கு ஒரு கண் போயிருந்தது. சில ஆண்டுகள் முன்வரை தங்களைச் சிறையில் போட்ட அரசு இப்போது விருந்து வைக்கிறது, அவர்களுக்கு என்ன தோன்றியிருக்கும்! உரோமையின் சில்வெஸ்தர் வரவில்லை, இரண்டு குருக்களை அனுப்பினார். மகன் தந்தைக்குச் சமமல்ல, படைக்கப்பட்டவர் என்ற ஆரியுஸின் போதனை தள்ளப்பட்டது. கையெழுத்துப் போட மறுத்தவர்கள் கடைசியில் இரண்டே ஆயர்கள். ஆரியுஸோடு அவர்களும் நாடுகடத்தப்பட்டார்கள்.

இவ்வளவு பேர் ஒரே மனதாகக் கையெழுத்துப் போட்டார்கள், ஒற்றுமை வந்துவிட்டது என்று இந்த இடத்தில் பெருமூச்சு விடுகிற வழக்கம் ஒன்று நம்மிடம் இருக்கிறது, ஜனவரியில் கிறிஸ்தவ ஒன்றிப்பு வாரத்து மேடைகளில் அடிக்கடி கேட்டிருக்கிறேன். நடந்தது வேறு. கூட்டம் முடிந்த சில ஆண்டுகளிலேயே பேரரசர் மனம் மாறி ஆரியுஸின் ஆட்களைத் திரும்ப அழைத்தார். நிக்கேயாவை விடாமல் ஆதரித்த ஆயர் அத்தனாசியுஸ் ஐந்து முறை அலெக்சாந்திரியாவை விட்டு வெளியேற்றப்பட்டார். நிக்கேயாவின் பாடம் நிலைபெற 381 வரை ஆனது, அதாவது 56 ஆண்டுகள். கையெழுத்து ஒன்று, அதைத் திருச்சபை உள்வாங்குவது முற்றிலும் வேறொன்று.

புதன், இஸ்னிக்

காலையில் ஊர் நடுவே உள்ள அயசோஃபியா. 787 இல் ஏழாம் பொதுச்சங்கம் கூடி, திருவுருவங்களை வணங்கலாம் என்று முடிவு செய்தது இங்கே. 2011 முதல் மறுபடி மசூதி. தரைமட்டத்துக்குக் கீழே இறங்கித்தான் உள்ளே போக வேண்டும். மங்கிப்போன ஓர் ஓவியம் சுவரில் இருக்கிறது. சிறிது நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டோம்.

மீதி நேரம் ஏரிக்கரை பெஞ்சில் ஈஸ்டர் சண்டை. நாங்கள் பயணம் போட்ட 2026 இல் எங்கள் ஈஸ்டர் ஏப்ரல் 5, ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டர் ஏப்ரல் 12. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டிருந்தோம், நாங்கள் அல்லேலூயா பாடி முடித்துவிட்டோம், அவர்களுக்கு இன்னும் பாடுகளின் வாரம். எல்லாரும் ஒரே நாளில் கொண்டாட வேண்டும் என்று தீர்மானித்தது இந்த ஊரில்தான் என்பது வேடிக்கை. பின்னாளில் வந்த கணக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான்: வசந்த காலச் சம இரவு நாளுக்குப் பிந்திய முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறு. 1582 இல் கிரகோரியன் நாட்காட்டி வந்தபிறகு மேற்கு அதன்படியும், கிழக்கு 13 நாள் பின்தங்கிய பழைய ஜூலியன் நாட்காட்டிப்படியும் கணக்கிடுவதால் பிரிகிறது. 2025 இல் தற்செயலாக இரண்டும் ஏப்ரல் 20 அன்று விழுந்தது. 2024 இல் ஐந்து வாரம் இடைவெளி.

1997 இல் அலெப்போவில் உலகத் திருச்சபைகள் மன்றம் கூட்டிய ஆலோசனைக் கூட்டத்தில் ஓர் எளிய யோசனை சொன்னார்கள். இரண்டு நாட்காட்டியையும் ஓரம் வைத்துவிட்டு, எருசலேமை மையமாக வைத்து வானியல் கணக்குப்படி சம இரவு நாளையும் முழுநிலவையும் கண்டுபிடித்து, நிக்கேயா முறைப்படி ஞாயிறைக் குறிப்போம் என்றார்கள். யாரும் தோற்கவில்லை, யாரும் ஜெயிக்கவில்லை. நல்ல யோசனை, அப்படியே கிடக்கிறது.

நிக்கேயாவின் 20 சட்டங்களில் எனக்குப் பிடித்தது எட்டாவது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நொவாசியர்கள் என்று ஒரு பிரிந்துபோன கூட்டம். துன்புறுத்தலுக்குப் பயந்து மறுதலித்தவர்களைத் திரும்பச் சேர்க்கவே கூடாது என்று பிடிவாதம் பிடித்தவர்கள். அவர்களுடைய குருக்கள் திரும்பி வந்தால் என்ன செய்வது? கை வைத்து ஏற்றுக்கொள்ளுங்கள், குருக்களாகவே நீடிக்கட்டும் என்கிறது சட்டம். ஊரில் ஏற்கெனவே கத்தோலிக்க ஆயர் இருந்தால், வந்தவருக்குக் குருவின் மரியாதையோ கிராம ஆயர் என்ற இடமோ கொடுங்கள், ஒரே ஊரில் இரண்டு ஆயர் மட்டும் வேண்டாம். ஆரியுஸை நாடுகடத்திய அதே கூட்டம்தான் இப்படி இடம் விட்டுக்கொடுத்திருக்கிறது.

இதைப் படித்துக் காட்டியதும் நண்பருக்கு உற்சாகம். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை மூன்றும் சேர்ந்தன. ஆயர் இல்லாத சபைகளிலிருந்து வந்த போதகர்களுக்கு மறுபடி குருப்பட்டம் கொடுக்கவில்லை, அப்படியே ஏற்றுக்கொண்டு, இனி வருபவர்களுக்கு மட்டும் ஆயர் கை வைத்துப் பட்டம் என்று வைத்தார்கள். இங்கிலாந்தில் ஒரு சாரார் கொதித்தார்கள். “எட்டாம் சட்டத்தை நாங்கதான் ஒழுங்கா படிச்சிருக்கோம்” என்றார். நொவாசியர்களுக்கு ஆயர் பட்ட வரிசை முறையாக இருந்தது, உங்கள் விஷயம் வேறு என்று நான் சொல்ல, அவர் விடவில்லை, சிற்றுந்து வரும்வரை போயிற்று.

வியாழன், காடிக்கோய்

எமினோனுவிலிருந்து படகில் சுமார் இருபது நிமிடம். ஆசியக் கரை. இதுதான் கல்செதோன், 451. எஃபேமியா மறைசாட்சியின் பெரிய கோவிலில் 500க்கும் மேற்பட்ட ஆயர்கள் கூடினார்கள். அந்தக் கோவிலின் ஒரு கல்கூட நிற்கவில்லை. மீன்சந்தைக்குப் பக்கத்தில் அவள் பெயரில் ஒரு கிரேக்கக் கோவில் இருக்கிறது, ஆனால் அது மிகவும் பிற்காலத்தது.

இடம் காலி என்றாலும் நடந்தது வரிவரியாக எழுத்தில் இருக்கிறது. நடுவில் பேரரசரின் அதிகாரிகள். ஒரு பக்கம் உரோமைப் பிரதிநிதிகளும் கான்ஸ்டான்டிநோபிளும் அந்தியோக்கியாவும், எதிர்ப்பக்கம் அலெக்சாந்திரியாவின் ஆயர் தியோஸ்கோருஸும் அவர் ஆட்களும். முதல் அமர்வு நடக்க நடக்க, தியோஸ்கோருஸ் பக்கம் இருந்த எருசலேம் ஆயர் எழுந்து எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தார், பின்னாலேயே மற்றவர்களும் போனார்கள். நம் சட்டமன்றங்களை நினைவுபடுத்துகிற காட்சி.

என்னை நிறுத்தி வைத்தது பதின்மூன்று எகிப்திய ஆயர்களின் கதை. தியோஸ்கோருஸைப் பதவி நீக்கியாயிற்று. கிறிஸ்துவின் இரு இயல்புகளை விளக்கும் திருத்தந்தை முதலாம் லியோவின் கடிதத்துக்குக் கையெழுத்துப் போடுங்கள் என்று இவர்களை நெருக்குகிறார்கள். அலெக்சாந்திரியாவுக்குப் புதுத் தலைமை ஆயர் வரட்டும், அவரோடு சேர்ந்து போடுகிறோம், இப்போது போட்டுவிட்டு ஊர் திரும்பினால் எங்களைக் கொன்றே விடுவார்கள் என்று தரையில் விழுந்து கெஞ்சுகிறார்கள். சபை கத்துகிறது. கடைசியில் அதிகாரிகள்தான், ஆயர்கள் இல்லை, இவர்கள் தலைநகரிலேயே காத்திருக்கட்டும் என்று ஒரு வழி சொல்கிறார்கள்.

அவர்கள் பயந்தது வீண் இல்லை. தியோஸ்கோருஸ் இடத்தில் புரோத்தேரியுஸ் என்பவரைப் படைபலத்தோடு உட்கார வைத்தார்கள், 457 இல் கும்பல் அவரைக் கொன்றது. அன்றைக்குப் பிரிந்ததுதான் கோப்து, சிரியன், எத்தியோப்பியத் திருச்சபைகளின் பெரும்பகுதி. ஆர்மேனியர்கள் 451 இல் பாரசீகருக்கு எதிராக அவரையர் போர்க்களத்தில் நின்றதால் வரவே இல்லை, பிறகு அவர்களும் ஏற்க மறுத்தார்கள். மலங்கரை ஆர்த்தடாக்ஸ் திருச்சபையும் கல்செதோனை ஏற்காத இந்தக் குடும்பத்தில்தான் இருக்கிறது.

கிறிஸ்து ஒருவரே, இரு இயல்புகளில், கலக்காமல், மாறாமல், பிளவுபடாமல், பிரியாமல் என்றது கல்செதோன். அலெக்சாந்திரியாவின் முந்தைய ஆயர் சிரிலின் வழியில் ஒரே இயல்பு என்றார்கள் மற்றவர்கள். 1964 இல் டென்மார்க்கின் ஆர்ஹூஸில் கல்செதோனை ஏற்ற, ஏற்காத இரு தரப்பு ஆர்த்தடாக்ஸ் இறையியலாளர்கள் முதன்முதலாக அதிகாரபூர்வமில்லாமல் உட்கார்ந்து பேசியபோது, நாம் நம்புவது ஒன்றுதான், சொல்கிற விதம்தான் வேறு என்ற முடிவுக்கு வந்தார்கள். 1973 இல் திருத்தந்தை ஆறாம் பவுலும் கோப்துத் தலைவர் மூன்றாம் ஷெனூதாவும், 1984 இல் இரண்டாம் யோவான் பவுலும் சிரிய முதுபெரும் தந்தை முதலாம் ஜக்காவும் கூட்டறிக்கை வெளியிட்டார்கள். அவ்வளவுக்குப் பிறகும் 2024 மார்ச்சில் கோப்து ஆயர் மன்றம் உரோமையுடனான உரையாடலை நிறுத்தி வைத்தது, காரணம் கிறிஸ்துவின் இயல்பு இல்லை, ஒரே பால் இணையருக்கு ஆசி வழங்கலாம் என்ற 2023 டிசம்பர் வத்திக்கான் அறிக்கை.

381க்கும் 451க்கும் என்ன வித்தியாசம் என்று திரும்பி வரும் படகில் யோசித்தேன். இரண்டிலும் ஒரு பெரிய பகுதி சேரவில்லை. 381 இல் மேற்கை யாரும் கண்டிக்கவில்லை, கையெழுத்தும் கேட்கவில்லை, நிதானமாக ஏற்றுக்கொள்ள நேரம் இருந்தது. அந்தப் பிரமாணத்தை ஊரறிய முன்வைத்ததே எழுபது ஆண்டு கழித்துக் கூடிய இந்தக் கல்செதோன் சங்கம்தான். எகிப்துக்கு அந்த நேரம் கிடைக்கவில்லை, படைவீரர்கள் முந்திக்கொண்டார்கள்.

வெள்ளி, எபேசு

இஸ்மீருக்கு விமானம், விமான நிலையத்திலிருந்தே ரயில், செல்சுக்கில் இறங்கினோம். பளிங்குத் தெரு, நூலகம் எல்லாம் வேறு யாராவது எழுதட்டும், படம் எடுக்கும் கூட்டத்தில் நசுங்கினோம் என்பதோடு விடுகிறேன். கீழ் வாசல் பக்கம் ஒதுங்கி நீளமாகக் கிடக்கும் இடிபாடுதான் மரியா கோவில். 431 சங்கம் நடந்த இடமாக இதைக் காட்டுகிறார்கள். நாங்கள் போனபோது வேறு ஆளே இல்லை.

மரியாவை இறைவனின் தாய் என்று அழைக்கலாமா என்பது பிரச்சினை. அழைக்கலாம் என்ற அலெக்சாந்திரியா சிரில் ஒரு பக்கம், கிறிஸ்துவின் தாய் என்போம் என்ற கான்ஸ்டான்டிநோபிள் ஆயர் நெஸ்தோரியுஸ் எதிர்ப்பக்கம். நெஸ்தோரியுஸுக்கு ஆதரவாக வரவேண்டிய அந்தியோக்கியா யோவானும் அவருடைய ஆயர்களும் வழியில் இருந்தார்கள், நீண்ட தரைவழிப் பயணம். 68 ஆயர்கள் பொறுங்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள். சிரில் பொறுக்கவில்லை. ஜூன் 22 அன்று கூட்டத்தைத் தொடங்கி, ஒரே நாளில் நெஸ்தோரியுஸைப் பதவி நீக்கி முடித்துவிட்டார். நான்கு நாள் கழித்து யோவான் வந்தார், கொதித்துப்போய்ப் போட்டிக் கூட்டம் நடத்தி சிரிலைப் பதவி நீக்கினார். பேரரசர் இரண்டு பேருடைய நீக்கத்தையும் உறுதி செய்தார்!

நான் கத்தோலிக்கன், சிரில் எங்களுக்குப் புனிதர், அவர் சொன்ன இறையியல் சரி என்றுதான் நம்புகிறேன். ஆனால் அந்த நான்கு நாளை என்னால் மன்னிக்க முடியவில்லை. காத்திருந்தால் எல்லாம் சுமுகமாகியிருக்கும் என்று சொல்ல வரவில்லை, பகை பழையது. ஆனாலும் 433 இல் இதே சிரிலும் இதே யோவானும் தூதர் வழியாகப் பேசி ஓர் உடன்பாட்டு வாசகத்துக்கு ஒப்புக்கொண்டார்கள், முடிந்ததே! அதற்குள் நெஸ்தோரியுஸ் வெளியே போயாயிற்று. பாரசீகப் பேரரசில் இருந்த கிழக்குத் திருச்சபை 431ஐ ஏற்கவே இல்லை. 1994 நவம்பர் 11 அன்றுதான் அசீரிய கிழக்குத் திருச்சபையின் நான்காம் மார் தின்காவும் இரண்டாம் யோவான் பவுலும், இறைவனின் தாய் என்பதும் கிறிஸ்துவின் தாய் என்பதும் ஒரே விசுவாசத்தின் இரண்டு சொல்வழக்குகள் என்று கையெழுத்திட்டார்கள். 1563 ஆண்டுகள்.

சனி, ஃபெனர்

பொற்கொம்பு ஓரத்தில், மேட்டுத் தெருவில் புனித ஜார்ஜ் கோவில். உலக ஆர்த்தடாக்ஸின் முதன்மை இருக்கை என்று எதிர்பார்த்து வருபவர்களுக்கு ஏமாற்றம், ஒரு சாதாரணப் பங்குக் கோவில் அளவுதான். நடு வாசல் எப்போதும் மூடியே இருக்கும், 1821 இல் முதுபெரும் தந்தை ஐந்தாம் கிரகோரியை அங்கே தூக்கிலிட்டார்கள். ஈஸ்டர் முந்தின நாள் என்பதால் முற்றத்தில் நடமாட்டம் அதிகம்.

உள்ளே எஃபேமியாவின் உடல் எச்சங்கள் உள்ள பெட்டி இருக்கிறது, கல்செதோனில் அவள் கோவில் இல்லாவிட்டாலும் அவள் இங்கே இருக்கிறாள். 381 இல் கோபித்துக்கொண்டு போன நசியான்சு கிரகோரியும் இங்கேதான். அவருடைய திருப்பண்டங்களையும், அவரைப் போலவே கான்ஸ்டான்டிநோபிளின் ஆயராயிருந்த யோவான் கிறிசோஸ்தோமுடையதையும் 2004 நவம்பரில் இரண்டாம் யோவான் பவுல் உரோமையிலிருந்து திருப்பிக் கொடுத்தார். ஆயர்கள் கூடும் எந்தச் சங்கமும் நல்லபடி முடிந்து நான் பார்த்ததில்லை, இனி வரமாட்டேன் என்ற பொருளில் கடிதம் எழுதிய மனிதர், கடைசியில் ஆயர்கள் ஓயாமல் கூடுகிற இடத்தில் வந்து சேர்ந்திருக்கிறார்.

இன்றைக்குப் பேரரசர் இல்லை, அதனால் சங்கத்தின் தீர்ப்பை நிறைவேற்ற எந்த ஆயரையும் நாடுகடத்த ஆள் இல்லை, படை அனுப்பவும் ஆள் இல்லை. ஆனால் கூட்டுவதற்கும் ஆள் இல்லை. 2016 இல் கிரீட் தீவில் ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகளின் மாபெரும் சங்கம் கூடியது, பல பத்தாண்டுத் தயாரிப்பு. கடைசி நேரத்தில் ரஷ்யா, பல்கேரியா, ஜார்ஜியா, அந்தியோக்கியா நான்கும் வரவில்லை. கூட்டத்தை நடத்தி முடித்தார்கள். 2018 இல் உக்ரைன் விவகாரத்தில் மாஸ்கோ இந்த ஃபெனரோடு உறவை முறித்துக்கொண்டது, 2019 ஜனவரியில் உக்ரைன் திருச்சபைக்குச் சுயாட்சி ஆவணம் இந்தக் கோவிலில்தான் கொடுக்கப்பட்டது. இஸ்னிக் ஏரிக்கரையிலும் மாஸ்கோ இல்லை. வராதவர்களை விட்டுவிட்டுத் தொடங்குவதா, அவர்கள் வரும்வரை யாரும் எதுவும் செய்யாமல் இருப்பதா என்று நண்பர் கேட்டார். வரவே மாட்டேன் என்பவருக்காக நிரந்தரமாகக் காத்திருக்க முடியாது, வழியில் வந்துகொண்டிருப்பவருக்காகக் காத்திருக்கலாம், இரண்டுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும் என்று சொன்னேன். “அதை யாருங்க முடிவு பண்றது?” என்றார். சரியான கேள்வி.

2025 நவம்பரில் திருச்சபைத் தலைவர்களோடு பேசியபோது திருத்தந்தை லியோ, மீட்பின் 2000ஆம் ஆண்டான 2033 இல் எல்லாரும் எருசலேமுக்குச் சேர்ந்து போகலாம் என்று அழைத்திருக்கிறார். நான் நாட்காட்டியைப் பார்த்தேன். 2028 இல் ஈஸ்டர் இரு தரப்புக்கும் ஒன்று, ஏப்ரல் 16. 2031 இலும் ஒன்று. 2033 இல்? மேற்குக்கு ஏப்ரல் 17, கிழக்குக்கு ஏப்ரல் 24. யாராவது ஏதாவது செய்யாவிட்டால் எருசலேமில் இரண்டு ஈஸ்டர்தான். உரோமை 1963லேயே, மற்றவர்கள் சம்மதித்தால் ஒரு நிலையான ஞாயிறுக்குக்கூட ஆட்சேபம் இல்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் எழுதிவிட்டது, ஆகவே பந்து கிழக்கின் பக்கம் என்று என் சபைக்காரர்கள் சொல்லிக்கொள்வார்கள். நான் அப்படிச் சொல்லத் தயாராக இல்லை. 1924 இல் கிரேக்கத் திருச்சபை நிலையான திருநாட்களுக்கு மட்டும் புது நாட்காட்டிக்கு மாறியதற்கே ஒரு கூட்டம் பிரிந்துபோய் இன்றுவரை தனிச்சபையாக இருக்கிறது. எங்களோடு ஒன்றுசேரப்போய்த் தங்கள் மக்களில் ஒரு பகுதியை இழக்க நேருமோ என்று அவர்கள் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. முதலில் நகர வேண்டியவர்கள் இழப்பு குறைவாக உள்ளவர்கள், அதாவது நாங்கள். 2033க்கு மட்டுமாவது உரோமை ஏப்ரல் 24ஐ எடுத்துக்கொண்டால் என்ன என்று கேட்டேன். நண்பர் உடனே, அப்படியானால் எங்கள் சினாடிலும் தீர்மானம் போடச் சொல்கிறேன், ஆனால் நீங்கள் முதலில் போடுங்கள் என்றார்.